குழாய் வந்தது, ஆறு கெட்டது

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெல்ல மண்டியும் லீ பஜாரும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அடையாளம் தெரியாமல் மாறிப்போனது அருகே ஓடும் திருமணிமுத்தாறுதான்.

அன்று அதற்குச் சேர்வராயன் மலையில் பெய்யும் மழையே வரத்து. கோடையில் மணல் தெரியும். மலையில் மழை பிடித்தால் ஆறு வரும். சுகவனேசுவரர் கோயிலை ஒட்டிப் போய், நாமக்கல் பக்கத்து வயல்களைத் தாண்டி, நஞ்சை இடையாறில் காவிரியைச் சேரும். வீடுகளில் கிணற்றில் சேந்திய குடங்களே கணக்கு. குளித்த தண்ணீர் கொல்லை வாழைக்குப் போய்விடும். அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. எடுப்புக் கக்கூஸும், மனிதரே மலத்தை அள்ளிச் சுமந்த கொடுமையும் அந்தக் காலத்தவைதாம்.

1934இல் மேட்டூர் அணை எழுந்தது. பின்னாளில் காவிரி நீர் குழாய் வழியே சேலத்துக்கு வந்தது. தண்ணீர் உள்ளே வர வழி செய்த ஊர், அது வெளியே போக வழி செய்யவில்லை. பாதாளச் சாக்கடை வேலை இந்த நூற்றாண்டில்தான் தொடங்கியது. அதுவரை தெருச் சாக்கடை ஓடையில் விழுந்தது, ஓடை ஆற்றில் விழுந்தது.

இன்று கோடையிலும் ஆறு ஓடுகிறது. ஓடுவது வீட்டுக் கழிவும் சாயக் கழிவும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாட்டின் 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, திருமணிமுத்தாற்றை மிக மோசமான முதல் பிரிவில் வைத்தது. மழைக்காலத்தில் நுரை பொங்கும். கீழே உள்ள விவசாயிக்கு அதுதான் பாசன நீர்.

பாதாளச் சாக்கடை போட்டால் மட்டும் தீராது. மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடையோடு இணைத்துவிட்டால், ஒரு மணி நேர மழையிலேயே குழாய் நிரம்பி ஆள்நுழைவுக் குழி பொங்கும். தெருவில் தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று மூடியைத் திறந்தால், சாக்குத் துண்டும் பிளாஸ்டிக்கும் உள்ளே போய் அடைக்கும். பொங்கியது மறுபடி ஆற்றுக்கே போகும். ஆற்றங்கரையில் எழுப்பும் சுவர் இதைத் தடுக்காது. தடுக்க வேண்டிய இடம் வீட்டு வாசல்.

ஊரார் கை கொடுத்தால் நடக்கும் என்பதற்குச் சேலத்திலேயே சான்று உண்டு. 2010இல் சேலம் மக்கள் குழு கன்னங்குறிச்சி மூக்கனேரியைத் தூர்வாரி, அள்ளிய மண்ணை நடுவே திட்டுகளாக்கி மரம் வைத்தது. ஏரிக்கு ஒரு கரை, ஒரு குழு போதும். ஆற்றுக்கோ ஒவ்வொரு தெருவும் வேண்டும்.

அதற்கான மேடையும் இருக்கிறது. 2022 முதல் தமிழக நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கே தெருவிளக்கோடு மூன்று கேள்விகளையும் எழுப்பலாம்: எந்தெந்த வீட்டுக்கும் கடைக்கும் இன்னும் சாக்கடை இணைப்பு இல்லை? யார் வீட்டு மழைநீர் சாக்கடைக்குப் போகிறது? எந்தக் குழி ஒவ்வொரு மழைக்கும் பொங்குகிறது? இவற்றுக்கு விடை அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். அதை அவர்கள் எழுதிக் கொடுத்தால், மாநகராட்சி எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்காது.