வால் நீண்ட ஹெல்மட்டும் ஹட்டன் வீதியும்

கினிகத்தேனயிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில் சைக்கிள் மிதிப்பவருக்கு எதிரி காற்றல்ல, ஏற்றம். வேகம் மூன்று மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் வலு இருபத்தேழு மடங்காகும். மணிக்கு 45 கிலோமீற்றரில் காற்றோடு மல்லுக்கட்டுகிறவர், 15 கிலோமீற்றரில் ஏறும்போது அதில் 27இல் ஒரு பங்கைத்தான் காற்றுக்குக் கொடுக்கிறார். போதாததற்கு, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றே கொழும்பைவிட அடர்த்தி குறைவு. இந்த ஏற்றங்களில் வால் நீண்ட ஏரோ ஹெல்மட் தலையை வியர்க்கவைப்பதைத் தவிர அதிகம் சாதிக்காது.

டைம் ட்ரயல் எனப்படும் தனியாள் நேர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் மலையகப் பிள்ளைகளின் கண் அந்த ஹெல்மட்டில் விழுவதில் வியப்பில்லை. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில், 24.5 கிலோமீற்றர் நேர ஓட்டத்தை கிரெக் லெமோண்ட் ஏரோ ஹெல்மட்டோடு ஓடினார். லோரன் ஃபின்யோன் வெறுந்தலையோடு, குடுமி பறக்க ஓடினார். மொத்தப் போட்டியையும் லெமோண்ட் வென்றது 8 செக்கன்களால். அன்று அவருடைய சைக்கிளில் ஏரோ கைப்பிடியும் இருந்ததைக் கதை சொல்பவர்கள் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். குனிந்து, முழங்கைகளை ஒடுக்கி ஓடப் பழகுவதற்குக் காசு வேண்டியதில்லை. தலையை மிகவும் தாழ்த்தினால் அந்த நீண்ட வால் காற்றில் எழும்பி, கிடைத்த லாபத்தையும் தின்றுவிடும்.

பெயர்பெற்ற ஏரோ ஹெல்மட்டுகள் பல 300 டொலரைத் தாண்டும். ஏறத்தாழ 90,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை வருகைக் கொடுப்பனவோடு 1,750 ரூபாயாக்க 2026 வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஐம்பது நாளுக்கு மேல் முழுப்பேர் விழ வேண்டும். அதனால்தான் அதே தோற்றத்தில், அதே பெயரில், பத்தில் ஒரு பங்கு விலைக்கு இணையத்தில் வரும் போலிகள் விலைபோகின்றன.

ஆபத்து அங்கேதான். ஹெல்மட்டின் உயிர் வெளியே மினுங்கும் ஓட்டில் இல்லை. உள்ளே இருக்கும் ரெஜிபோம் போன்ற நுரையில் இருக்கிறது. அடியை வாங்கி, தான் நசுங்கி, தலைக்குப் போகும் விசையை அது குறைக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரத்தில், தட்டையான இரும்பின்மேல் ஏறத்தாழ 1.5 மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதிப்பார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நானுஓயா இறக்கத்தில் 60இல் பறப்பவர் இதை மறந்துவிடக் கூடாது.

வாங்கும்போது ஹெல்மட்டைக் கவிழ்த்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ஈஎன் 1078 என்ற இலக்கம், தயாரிப்பாளர் பெயர், மாதிரி, சென்ரிமீற்றரில் தலையளவு, எடை, தயாரித்த ஆண்டும் காலாண்டும் அங்கே இருக்க வேண்டும். வெறும் ‘சீஇ’ ஒட்டி மட்டும் இருந்தால் நம்புவதற்கில்லை. அமெரிக்கச் சந்தைக்கான ஹெல்மட்டானால் சீபிஎஸ்சி தரம் எழுதப்பட்டிருக்கும். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பதும் இல்லை: வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் வெளியிடும் சைக்கிள் ஹெல்மட் தரப்பட்டியலில் மலிவானவை சிலவும் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கின்றன.

மலைநாட்டுப் பயிற்சிக்கு, வால் இல்லாத, காற்றுத் துளையுள்ள, காதை மூடாத, தரக்குறி கொண்ட சாதாரண ரோட் ஹெல்மட்டே போதும். ஏரோ ஹெல்மட்டில் வரும் கண்ணாடி முகப்பு பனிமூட்டத்தில் நீராவி படிந்து மங்கும். காதை மூடினால் வளைவுக்கு அப்பால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் சரியாகக் கேட்காது. விழுந்து அடிபட்ட ஹெல்மட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம். பழையதை வாங்க வேண்டாம் என்பது இதனால்தான். லயத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதும் கூடாது, சூடு நுரையைக் கெடுக்கும்.

எந்த ஹெல்மட்டானாலும் அணியாமல் ஓடக் கூடாது. கசக் வீரர் அந்திரெய் கிவிலெவ் 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் ஓட்டத்தில் ஹெல்மட் இல்லாமல் விழுந்து இறந்தார். அதே ஆண்டு மே மாதம் சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது.

போலியை வாங்கி ஏமாந்தவருக்குச் சட்டம் இருக்கிறது. விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தர வேண்டும். பொருளை வாங்கிய 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை அந்தச் சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், தமிழிலேயே எழுதலாம். விசாரணையில் தவறு உறுதியானால் பணத்தைத் திருப்பித் தரவோ, பொருளை மாற்றித் தரவோ, இழப்பீடு கொடுக்கவோ சபை உத்தரவிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், உட்புற ஒட்டியின் படம், பெட்டி நான்கையும் பத்திரப்படுத்தினால் முறைப்பாடு பலமாகும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியவருக்கு இந்த வழி அவ்வளவு எளிதல்ல. அவர் அந்தத் தளத்தின் பணமீட்பு முறையையும், அட்டையில் செலுத்தியிருந்தால் தன் வங்கியையும் தாமதிக்காமல் நாட வேண்டும்.

வீதியில் எவராவது விழுந்து தலையில் அடிபட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம், கட்டணம் இல்லை. ஹெல்மட்டை இழுத்துக் கழற்றாமல், கழுத்தை அசைக்காமல் வைத்திருந்து, மறுமுனையில் பேசுபவர் சொல்வதைச் செய்ய வேண்டும்.