கல்லிற் கலை வளர்த்த கணபதி ஸ்தபதி

புதுவை நகரின் வடபால் கடலை அடுத்து அமைந்திருப்பது வைத்திக்குப்பம். அங்கிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் காந்தியடிகளின் திருவுருவச் சிலையைக் காண்பர். அச்சிலையைச் சூழ்ந்து உயர்ந்த கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சியினின்று கொண்டுவரப்பட்டவை. அவற்றிலுள்ள நுண்ணிய வேலைப்பாடுகளைக் கடற்காற்றும் கடுவெயிலும் இன்னும் முற்றிலும் அழித்துவிடவில்லை. அத்தூண்களைப் படைத்த கலை இன்று எங்கே உள்ளது? அரசர்களோடு அதுவும் மறைந்துவிட்டதா?

மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அக்கலையைப் பேணிக் காத்துப் பலருக்கும் பயிற்றி, கடல் கடந்த நாட்டிற்கும் கொண்டு சென்ற பெருஞ்சிற்பி ஒருவர் நம்மிடையே தோன்றினார். அவரே வை. கணபதி ஸ்தபதி ஆவார்.

‘ஸ்தபதி’ என்பது தலைமைச் சிற்பியைக் குறிக்கும் சொல். தபதி என்றும் அதனை வழங்குவர். உளி பிடிக்கத் தெரிந்தவர் அனைவரும் ஸ்தபதி ஆகிவிடுவதில்லை. கல்லின் இயல்பை அறிதல், நூல்களில் கூறிய அளவுகளைக் கணித்தல், வரைபடம் எழுதுதல், பல சிற்பிகளை ஒருங்கே வழிநடத்துதல் ஆகிய எல்லாவற்றிலும் வல்லவரே அப்பெயருக்கு உரியவர்.

கணபதி ஸ்தபதி 1927ஆம் ஆண்டு பிள்ளையார்பட்டியில் பிறந்தார். குடைவரைக் கோயிலால் புகழ்பெற்றது அவ்வூர். அவர்தம் தந்தையார் வைத்தியநாத ஸ்தபதியும் சிறந்த சிற்பி. பரம்பரைத் தொழிலை இளமையிலேயே கற்ற கணபதி, கல்லூரியிற் சேர்ந்து கணிதமும் பயின்று பட்டம் பெற்றார். உளியும் கணக்கும் அவரிடத்தில் ஒன்று சேர்ந்தன. அச்சேர்க்கையின் பயன் பிற்காலத்தில் நன்கு வெளிப்பட்டது.

சிற்பியின் முதற்பணி கல்லைத் தேர்தல். இத்தாலி நாட்டுக் கராரா மலையில் கிடைக்கும் வெண்பளிங்கு மென்மையானது. உளிக்கு எளிதில் இணங்குவது. தமிழகச் சிற்பிகளுக்கு வாய்த்ததோ கடினமான கருங்கல். அதில் அவசரம் சிறிதும் செல்லாது. கல்லைத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டுத் தரம் பிரிப்பது நம் சிற்பிகளின் வழக்கம். வெண்கல மணிபோல ஒலிப்பதை ஆண் கல் என்றும், தாளம்போல மெல்லென ஒலிப்பதைப் பெண் கல் என்றும் கூறுவர். முன்னது இறைவன் திருவுருவிற்கும், பின்னது இறைவி திருவுருவிற்கும் ஏற்றவை. ஓசையற்ற கல்லைத் தளம் பாவுதற்கே கொள்வர்.

அடுத்தது அளவு. எட்டு நெல்லின் அகலம் ஒரு விரல். இருபத்து நான்கு விரல் ஒரு முழம். உருவம் அமைக்கும்போது முகத்தின் நீளமே அடிப்படை அளவாகக் கொள்ளப்படும். அதற்குத் தாலம் என்று பெயர். சிலை சிறிதாயினும் பெரிதாயினும் முகத்திற்கும் உடலுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. ஆதலின் கையளவு உருவத்தைச் செம்மையாக அமைக்கக் கற்றவர், மலையளவு உருவத்தையும் அதே கணக்கினைக் கொண்டு அமைத்தல் கூடும்.

இத்தகைய கலைக்கு இருபதாம் நூற்றாண்டில் ஓர் இடையூறு நேர்ந்தது. கோயில் எடுப்பித்த மன்னர்கள் மறைந்தனர். கருங்கல் நின்ற இடத்தைச் சிமிட்டி பற்றிக்கொண்டது. தந்தை மகனுக்கு மட்டுமே கற்பித்து வந்த கலை, மகன் வேறு தொழிலை நாடியவுடன் அக்குடும்பத்தில் அற்றுப்போகும் நிலை ஏற்பட்டது. இக்குறையைப் போக்க, 1957ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை அரசினர் தொடங்கினர். வைத்தியநாத ஸ்தபதி அதன் தலைவராய் இருந்தார். அவருக்குப்பின் அப்பொறுப்பினை ஏற்ற கணபதி ஸ்தபதி, ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் அதனை நடத்தினார். அவர் காலத்தில் அது பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. சிற்பக் குடும்பத்திற் பிறவாத மாணவரும் அங்கே உளி பிடிக்கக் கற்றனர். ஓலைச்சுவடிகளிலும் வடமொழி நூல்களிலும் இருந்த செய்திகளை மாணவர்க்கு விளங்கும்படி ‘சிற்பச் செந்நூல்’ என்னும் தமிழ் நூலாகவும் அவர் எழுதினார்.

அவருடைய புகழ் நாடெங்கும் பரவக் காரணமான பணிகள் பல. பூம்புகாரில் அமைந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் அவற்றுள் ஒன்று. சென்னையில் 1976ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் மற்றொன்று. திருவாரூர்த் தேரை நினைவூட்டும் வண்ணம் அங்கே 128 அடி உயரமுள்ள கற்றேர் எழுப்பப்பெற்றது.

இவையனைத்தினும் அரிய பணி, குமரிமுனையில் அமைந்த திருவள்ளுவர் சிலையாகும். கடல் நடுவே உள்ள பாறையின்மீது அதனை அமைக்க வேண்டும். பீடம் 38 அடி. சிலை 95 அடி. மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பால் அதிகாரங்கள் முப்பத்தெட்டு. பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து தொண்ணூற்றைந்து. பொருளும் இன்பமும் அறத்தின்மீதே நிற்றல் வேண்டும் என்னும் உண்மையை இவ்வளவுகள் உணர்த்துகின்றன. உயர்த்திய வலக்கையில் நீண்டு நிற்கும் மூன்று விரல்கள் முப்பாலைச் சுட்டுகின்றன.

ஆயின், இதனை நிறைவேற்றுதல் எளிதாய் இல்லை. ஒரே கல்லில் இத்துணைப் பெரிய உருவத்தைச் செதுக்க இயலாது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கற்களைத் தனித்தனியே கரையில் செதுக்கிப் படகில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். ஒரு கல்லின் அளவு பிழைத்தால் அதன் மேலுள்ள கற்கள் அனைத்தும் பிழைபடும். சிலையோ இடையைச் சற்றே வளைத்து நிற்கும் நிலையினது. வளைந்த உடலின் பாரம் முழுவதும் பீடத்தில் நேராக இறங்காவிடில் காற்றும் அலையும் அதனைச் சாய்த்துவிடும். இதற்காக முதலில் மரத்தால் மாதிரி உருவம் ஒன்றை அமைத்து, உருவின் நடுவே செல்லும் மைய நூலைக் கணித்தறிந்தார் ஸ்தபதி. உட்புறம் வெற்றிடமாக அமைந்தமையால் பாரமும் குறைந்தது. பீடம், மண்டபம், சிலை ஆகிய மூன்றும் சேர்ந்த எடை ஏறத்தாழ 7,000 டன். 1990இல் தொடங்கிய பணி இடையே தடைப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடர்ந்து, 1999இல் முடிவுற்றது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சிலை திறக்கப்பெற்றது.

அக்கணக்கின் உறுதியைச் சோதிக்கும் நாளும் விரைவில் வந்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை குமரிக் கடற்கரையைத் தாக்கியது. பேரலைகள் பாறையை மோதின. சிலை அசையாது நின்றது. எனினும் கடற்காற்றின் உப்பு கல்லையும் மெல்லத் தின்னும் இயல்புடையது. ஆகவே, காகிதக் கூழைச் சிலைமேல் அப்பி உப்பை உறிஞ்சி அகற்றி, வேதிப்பூச்சுப் பூசும் பணி அவ்வப்போது நடைபெறுகின்றது. படைப்பதோடு கடமை முடிவதில்லை, பேணுதலும் வேண்டும்.

கணபதி ஸ்தபதியின் கலை அயல்நாட்டிலும் நிலைபெற்றது. பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்று கவாய். அங்கே சோழர் முறையில் இறைவன் கோயில் என்னும் கற்றளியை அமைக்க அவர் திட்டம் வகுத்துத் தந்தார். பெங்களூரை அடுத்த ஊரில் சிற்பிகள் உளியும் சுத்தியும் கொண்டு கையாலேயே கற்களைச் செதுக்கினர். அவை கப்பலேறிக் கடல் கடந்தன. கோயிலின் அடித்தளத்தில் எஃகுக் கம்பியே இல்லை. நிலக்கரிச் சாம்பல் கலந்த கற்காரையால் அது அமைக்கப்பெற்றது. கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கற்காரையைப் பிளக்கும் என்பதே காரணம். இவ்வாறு பழஞ்சிற்ப முறையும் புதிய பொறியியலும் அங்கே கைகோத்தன.

2009ஆம் ஆண்டு இந்திய அரசு கணபதி ஸ்தபதிக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 2011இல் அவர் மறைந்தார். கவாய்த் தீவுக் கோயிலின் குடமுழுக்கு 2023ஆம் ஆண்டுதான் நடைபெற்றது. அவர் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகளும் அவர் வகுத்த அளவே வழிகாட்டியாய் நின்று பணியை முடித்தது.

மாமல்லபுரத்தில் இன்றும் கல் பொளியும் ஓசை கேட்கின்றது. தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், கேட்டவர்க்கெல்லாம் கற்பித்தமையே கணபதி ஸ்தபதி செய்த பெருந்தொண்டு. கல்லில் அமைந்த சிலையும் காலத்தால் தேயலாம். கற்றவர் கை மற்றவர் கைக்குத் தருங்காறும் கலை தேய்வதில்லை.