விண்ணிலிருந்து விழுந்த அணு உலை

1978 சனவரி 24, விடியற்காலை. பனி உறைந்து கிடந்த வடகனடாவின் வானில் தீப்பிழம்பு ஒன்று விரைந்து மறைந்தது. அது விண்கல் அன்று. நான்கு மாதங்களுக்கு முன்னர்ச் சோவியத் ஒன்றியம் ஏவிய காஸ்மாஸ் 954 என்னும் உளவுச் செயற்கைக்கோள். அதனுள் யுரேனியத்தால் இயங்கும் சிறிய அணு உலை ஒன்றும் இருந்தது.

கடலில் செல்லும் போர்க்கப்பல்களை ராடார் கொண்டு கண்காணிப்பதே அச்செயற்கைக்கோளின் பணி. ராடாரின் பார்வைக்கு எட்ட வேண்டுமானால் தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்ல வேண்டும். அவ்வுயரத்திலும் காற்று சிறிதளவு உண்டு. அகன்ற சூரியத் தகடுகளை விரித்தால் அந்த மெல்லிய காற்றே வேகத்தைக் குறைத்துக் கீழே இழுத்துவிடும். ஆகவேதான் அணு உலை. பணி முடிந்ததும் உலையை மட்டும் பிரித்து, நெடுங்காலம் விழாதிருக்கும் உயர்ந்த பாதைக்கு அனுப்பிவிடுவது திட்டம். காஸ்மாஸ் 954 கட்டுப்பாட்டை இழந்ததால் அது நடைபெறவில்லை.

விழப்போவது முன்பே தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. இத்தகைய செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் விரைகிறது. கணக்கு ஒரு நிமிடம் பிசகினாலும் விழுமிடம் 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். கதிரவனின் செயற்பாட்டிற்கேற்ப மேல்வளிமண்டலம் விரிந்தும் சுருங்கியும் மாறுவதால், இக்கணிப்பு இன்றும் எளிதன்று.

கீழிறங்கும் பொருளின் முன்னுள்ள காற்று விலக நேரமின்றி அமுங்கிப் பெருவெப்பம் அடைகிறது. உராய்வினால் எரிவதாகப் பொதுவாகச் சொல்கிறோம். பெரும்பங்கு இந்த அமுக்கத்திற்கே உரியது. அவ்வெப்பத்தில் உடைந்த காஸ்மாஸ் 954, கிரேட் ஸ்லேவ் ஏரி முதல் பேக்கர் ஏரி வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்திற்குச் சிதறியது. கனடாவும் அமெரிக்காவும் கதிரியக்கத்தை உணரும் கருவிகளை வானூர்திகளில் ஏற்றி, உறைந்த ஏரிகளின் மேல் மாதக்கணக்கில் தேடின. கிடைத்த பெருந்துண்டுகளுள் ஏறக்குறைய எல்லாமே கதிரியக்கம் உடையவை. உலையின் எரிபொருளில் மீட்கப்பட்டதோ மிகச் சிறு பகுதிதான்.

விண்பொருள் ஒன்று நிலத்தில் விழுந்து சேதம் விளைத்தால், தவறு யாருடையது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஏவிய நாடே ஈடு செய்ய வேண்டும். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை அவ்வாறு கூறுகிறது. அதனைச் சுட்டிக் கனடா 60 இலட்சம் கனடா டாலருக்குச் சற்று மேல் கோரியது. 1981இல் 30 இலட்சம் டாலருக்குச் சோவியத் ஒன்றியம் இசைந்தது. கனடா கேட்டது தேடுதலுக்கும் துப்புரவுக்கும் ஆன செலவை. அந்நிலத்தின் கரிபூ மான்களையும் மீன்களையும் உண்டு வாழ்ந்த டெனே, இனுவிட் மக்களின் அச்சத்திற்கு அக்கணக்கில் இடமில்லை.