பழவேற்காட்டுக் கட்டமும் நீர்வண்ணமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதற்குத் துணி வியாபாரமே முக்கியக் காரணம். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட பருத்தித் துணி அந்த ஊர்ப்பெயரோடே உலகம் சுற்றியது. அப்படியொரு பழைய லுங்கியை நீர்வண்ணத்தில் வரைபவர் ஒவ்வொரு நூலாகக் கோடு இழுக்க உட்கார்ந்தால் படம் கம்பிவலை ஆகிவிடும். நெய்த முறையைப் பின்பற்றிப் பூசுவதே சரியான வழி. சாயவேரின் சிவப்போ அவுரியின் நீலமோ, நூல் சாயமேறிய பிறகே தறிக்கு வரும். சாதா நெசவில் எந்த இடத்திலும் மேலே தெரிவது ஏறக்குறைய பாதி பாவு என்ற நெடுக்கு நூல், பாதி ஊடை என்ற குறுக்கு நூல். சிவப்புப் பாவு வெள்ளை ஊடையைச் சந்தித்தால் வெளிர்சிவப்பு. சிவப்பு ஊடையைச் சந்திக்கும் சதுரத்தில்தான் முழுச்சிவப்பு. நீர்வண்ணமும் அடியில் இருப்பதை மறைக்காத வண்ணம். பாவுப் பட்டைகளைப் பாதி அடர்த்தியில் பூசி, நன்றாகக் காயவிட்டு, ஊடைப் பட்டைகளைக் குறுக்கே இழுத்தால் சந்திப்புச் சதுரங்கள் தாமாகவே அமைந்துவிடும். நீலம் சிவப்பின்மேல் ஏறும் இடம் மட்டும் துணியில் இருப்பதைவிடச் சற்று இருண்டுபோகும். நீலத்தை இன்னும் கொஞ்சம் நீர்க்கவைத்தால் போதும்.

சொரசொரப்பு எங்கே தெரியும்? முழு வெளிச்சத்திலும் இல்லை, கரிய நிழலிலும் இல்லை. மடிப்பில் வெளிச்சம் நிழலாகத் திரும்பும் குறுகிய பட்டையில்தான். அங்கே மட்டும், ஈரம் வற்றிய தூரிகையைச் சொரசொரப்பான தாளில் படுக்கவைத்து இழுத்தால் தாளின் மேடுகள் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். மெல்லிய மஸ்லினுக்கு வழி வேறு. கம்பெனி ஆட்சிக்கால ஓவியர்கள் முதலில் உடலின் நிறத்தைத் தீட்டி, அதன்மேல் நீர்த்த வெள்ளையைப் பூசி, மடிப்பில் மட்டும் வெள்ளையைக் கெட்டியாக வைத்தார்கள்.

கேமரா இருக்கும்போது பழைய துணியை இப்படி வரைந்து வைப்பது எதற்கு என்று கேட்கலாம். நூல் எண்ணிக்கைக்குப் புகைப்படமே மேல், அதில் வாதமில்லை. ஆனால் புகைப்படம் கறையையும் கட்டத்தையும் ஒரே கவனத்தோடு பதிவுசெய்யும். எது நெசவு, எது பிற்காலத் தையல் என்று பிரித்துச் சொல்லாது. அமெரிக்காவில் 1935 முதல் 1942 வரை பழைய கைவினைப் பொருட்களையும் உடைகளையும் சுமார் 18,000 நீர்வண்ணப் படங்களாக வரைந்து வைத்தார்கள். கேமரா இல்லாத நாடல்ல அது. ஓவியர் தம் விருப்பத்துக்கு அழகுபடுத்திவிடுவாரே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். கட்டத் துணியில் அது எளிதல்ல: பட்டைகளின் வரிசை தப்பினால், தறி தெரிந்தவர் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்.