சேவ் பண்ணியும் ஃபைல் ஏன் காணாமப் போகுது?

போன செமஸ்டர் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, ஹாஸ்டல்ல கரண்ட் போச்சு. பக்கத்து ரூம் நண்பனோட டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ் கிடையாது. திரும்ப ஆன் பண்ணினா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஃபைல் இருக்கு, பெயரும் சரியா இருக்கு, சைஸ் மட்டும் 0. "சேவ் பண்ணேன்டா"னு அவன் புலம்பினது பொய்யில்லை.

நீங்க கன்ட்ரோல் எஸ் அழுத்தினதும் எல்லாம் உடனே டிஸ்குக்குப் போயிடாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் முதல்ல அதை ரேம்ல வெச்சுக்கும். லினக்ஸின் வழக்கமான செட்டிங்கில் 30 வினாடி வரைகூட அங்கேயே கிடக்கலாம். அப்புறம் டிரைவுக்குள்ள இருக்கிற கேஷ். அதுவும் கரண்ட் போனா அழியும் மெமரிதான். ஷட்டவுன் கொடுக்கும்போது இதையெல்லாம் எழுதி முடிச்சுட்டுத்தான் மெஷின் அணையும்.

"ஜர்னலிங் இருக்கே?" இருக்கு. ஆனா என்டிஎஃப்எஸ் ஜர்னல் காப்பாத்துறது எந்த ஃபைல் எங்கே இருக்குங்கிற கணக்கை மட்டும்தான். உள்ளே நீங்க டைப் பண்ணின பத்திக்கு அது பொறுப்பில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு சங்கதி. ஹெட், தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்குது. சப்ளை போனதும், இன்னும் சுத்திட்டிருக்கிற மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி, அந்த பேக் இஎம்எஃப்பை வெச்சு ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். (மெஷின்ஸ் பேப்பர்ல படிச்ச அதே பேக் இஎம்எஃப்தான்!) ஆனா இது அவசர வழி. சில லேப்டாப் டிஸ்க்குகளுக்கு முறையான பார்க்கிங் 6,00,000 தடவை, அவசர பார்க்கிங் வெறும் 20,000 தடவைனுதான் கணக்கு.

எஸ்எஸ்டியில சுத்துற பாகமே இல்லை, அதனால பயமில்லைனு நினைக்காதீங்க. எந்த டேட்டா எந்த செல்லில் இருக்குங்கிற மேப் பாதி எழுதும்போது கரண்ட் போனா, எப்பவோ எழுதின ஃபைலும் சேர்ந்து கெடலாம். ஒரே செல்லில் ரெண்டு பிட் இருந்தா, இரண்டாவதை எழுதும்போது முதலாவதும் பாழாகலாம். 2013-ல் வெளியான ஒரு ஆய்வில் 15 எஸ்எஸ்டிக்கு இப்படி கரண்டைக் கட் பண்ணிப் பார்த்தாங்க; 13-ல் ஏதோ ஒரு கோளாறு. சர்வருக்கான சில எஸ்எஸ்டிகளில் இதுக்காகவே கெபாசிட்டர் வைக்கிறாங்க.

மெஷின் ஹேங் ஆனா ப்ளக்கைப் பிடுங்காதீங்க. பவர் பட்டனை ஒருதடவை லேசா அழுத்திட்டு ஒரு நிமிஷம் பாருங்க. பல மெஷின்ல அது ஷட்டவுனுக்கான சிக்னல். 4 வினாடி அழுத்திப் பிடிச்சா அது கரண்ட்டைக் கட் பண்றதுக்குச் சமம். உபுண்டுன்னா ஆல்ட், சிஸ்ஆர்க்யூ ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு எஸ், யு, பி-யை நிதானமா ஒவ்வொண்ணா அழுத்துங்க: எழுதவேண்டியதை எழுதிட்டு, டிஸ்கைப் பூட்டிட்டு, ரீபூட் ஆகும்.