தேடாமல் கிடைத்த கட்டி!

அல்லிநகரத்தில் ஒருவர் இரவு நேரத்தில் விலா வலியால் துடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கிட்னியில் கல் இருக்கலாம்" என்கிறார் டாக்டர். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

கல் இருக்கிறது. சின்னக் கல்தான். தானாக வெளியேறிவிடும். ஆனால் ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது: "இடது அட்ரீனல் சுரப்பியில் 2 சென்டிமீட்டர் கட்டி."

கல்லுக்காகப் போனவர் கட்டியோடு வீடு திரும்புகிறார்!

ஆள் கற்பனை. சம்பவம் கற்பனை அல்ல. ஸ்கேன் எந்திரம் உள்ள ஊர்களில் எல்லாம் இது நடக்கிறது.

அன்று அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. "கட்டி" என்றால் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான், புற்றுநோய்! நகையை அடகு வைக்கலாமா, தோப்பை விற்கலாமா, மதுரைக்குப் போகலாமா, வேலூருக்குப் போகலாமா என்று பேச்சு நடக்கும்.

இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. ஒன்றும் செய்யாமல் சும்மா கிடப்பவைதான் அதிகம்.

தொப்பி போல ஒரு சுரப்பி

மனிதனுக்கு இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொப்பியைக் கவிழ்த்தது போல ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அட்ரீனல். எடை 5 கிராம் அளவுதான்.

ஆனால் அது செய்யும் வேலை பெரிது. வயல் வரப்பில் பாம்பைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறதே, அது இந்தச் சுரப்பி விடும் அட்ரினலின் செய்கிற வேலை. உடம்பில் உப்பைக் காப்பதும் இதுதான். நோய் வந்தால் தாக்குப்பிடிக்க உதவும் கார்ட்டிசால் என்ற சத்துநீரைச் சுரப்பதும் இதுதான்.

இத்தாலி நாட்டு மருத்துவர் யூஸ்டாக்கி 1563இல் இந்தச் சுரப்பியை விவரித்து எழுதினார். இது எதற்கு இருக்கிறது என்று 300 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை! இது கெட்டுப்போனால் மனிதன் மெலிந்து, கறுத்து, செத்துப்போவான் என்று லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் 1855இல் காட்டினார்.

வயிற்றைத் திறந்த பிறகு தெரிந்தது!

அந்தக் காலத்தில் இந்தக் கட்டியை வெளியில் இருந்து பார்க்க வழி இல்லை. 1926இல் அமெரிக்காவில் சார்லஸ் மேயோ என்ற பெரிய டாக்டரிடம் ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். திடீர் திடீரென்று ரத்தக்கொதிப்பு ஏறும். காரணம் தெரியவில்லை. மேயோ வயிற்றைத் திறந்தார். உள்ளே கட்டி! அதை எடுத்ததும் நோய் தீர்ந்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் செசார் ரூ என்பவரும் இத்தகைய கட்டியை அகற்றினார்.

1971இல் நிலைமை மாறியது. லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற என்ஜினீயர் சி.டி. ஸ்கேன் எந்திரத்தை உருவாக்கி, ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தார். அவர் வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. கம்பெனியில். ஆம், நாய் படம் போட்ட இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனிதான்! 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எந்திரம் வந்தது. தேடாத கட்டிகள் எல்லாம் கண்ணில் பட்டன. "தற்செயல் கட்டி" என்ற பொருளில் 1982இல் அமெரிக்க டாக்டர்கள் இதற்கு "இன்சிடென்டலோமா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 50 வயதானவர்களில் 100க்கு 3 பேருக்கு இது இருக்கும். முதியவர்களில் 100க்கு 10 பேர் வரை.

இரண்டே கேள்வி

கட்டியைக் கண்டதும் டாக்டர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவார். இது புற்றா? இது எதையாவது அளவுக்கு மீறிச் சுரக்கிறதா?

முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் ஸ்கேன் படத்திலேயே இருக்கிறது. ஸ்கேனில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1,000. கொழுப்புக்கு 0க்கும் கீழே. இதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரையே வைத்திருக்கிறார்கள். தீங்கில்லாத அட்ரீனல் கட்டிகளில் கொழுப்பு நிறைய இருப்பதால் அவற்றின் எண் குறைவாக இருக்கும். மருந்து ஏற்றாமல் எடுத்த ஸ்கேனில் எண் 10 அல்லது அதற்குக் கீழே, கட்டி முழுவதும் ஒரே சீராக இருக்கிறது என்றால், அது புற்று அல்ல.

இரண்டாவது கேள்விக்கு ரத்தமும் சிறுநீரும் பதில் சொல்லும். இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் 1 மில்லிகிராம் மாத்திரை விழுங்க வேண்டும். காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். கார்ட்டிசால் 1.8க்குக் கீழே இறங்கியிருந்தால் நல்லது. இறங்காவிட்டால் கட்டி தன் இஷ்டத்துக்குச் சுரக்கிறது என்று அர்த்தம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோனையும் சோதிப்பார்கள்.

மேயோ கண்ட கட்டி மாதிரி அட்ரினலின் வகையைக் கொட்டும் கட்டியா என்பதையும் பார்ப்பார்கள். இது மிக முக்கியம். அப்படிப்பட்ட கட்டியில் முன்யோசனை இல்லாமல் ஊசி குத்திச் சதை எடுத்தால், ரத்தக்கொதிப்பு எகிறி உயிருக்கே ஆபத்து வரலாம்!

எத்தனை ஆண்டு காவல்?

முன்பெல்லாம் எல்லோரையும் திரும்பத் திரும்ப வரச் சொன்னார்கள். 2002இல் அமெரிக்க நிபுணர்கள் கூடி, 4 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரத்தம் சோதிக்கலாம் என்றார்கள்.

தேனிப் பக்கத்தில் இதை நடத்திக் காட்டுவது லேசான காரியமா? விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்களுக்கு, ஆஸ்பத்திரியில் கழியும் ஒரு நாள் கூலி இல்லாத நாள். ஒவ்வொரு ஸ்கேனிலும் கதிர்வீச்சும் ஏறுகிறது. பயமும் ஆண்டுக்கு ஆண்டு புதிதாகிறது.

2019இல் ஒரு பெரிய கணக்கு வந்தது. பல நாடுகளின் 32 ஆய்வுகளில் கண்காணிக்கப்பட்ட 4,121 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தீங்கற்றவை என்று கணிக்கப்பட்ட அந்தக் கட்டிகள் நாலைந்து ஆண்டுகளில் சராசரியாக 2 மில்லிமீட்டர்தான் வளர்ந்திருந்தன. ஒன்றுகூட அட்ரீனல் புற்றாக மாறவில்லை!

எனவே 2023இல் ஐரோப்பிய நிபுணர்கள் விதியைத் திருத்தி எழுதினார்கள். எண் 10க்குள், ஒரே சீரான கட்டி என்றால் அது எவ்வளவு பெரிதானாலும் மறுபடி ஸ்கேன் வேண்டாம். எண் 11 முதல் 20க்குள், 4 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால், உடனே வேறு ஸ்கேன் எடுக்கலாம், அல்லது ஓர் ஆண்டு கழித்து மறுபடி பார்க்கலாம். பெரிய கட்டி, சீரற்ற கட்டி, எண் 20க்கு மேல் என்றால் காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும்.

சிலரின் கட்டி கார்ட்டிசாலைக் கொஞ்சம் கூடுதலாகக் கசிய விடும். அவர்களைத்தான் நீண்ட காலம் கவனிக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, எலும்புத் தேய்மானம் மூன்றும் மெல்ல மெல்ல வரலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது இவற்றைப் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க வேலூர் போக வேண்டியதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் வீட்டு வாசலுக்கே வந்தது.

ஆபரேஷன் தேவை என்று ஆகிவிட்டால், சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்தகைய சுரப்பிகளின் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

நம் நாட்டுச் சங்கதி

இரண்டு பக்கமும் கட்டி என்றால் நம் டாக்டர்கள் இன்னொன்றையும் யோசிப்பார்கள். காசநோயும், ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை நோயும் இந்தச் சுரப்பிகளில் தங்கி வீங்கச் செய்யும். இவற்றுக்கு வேண்டியது கத்தி அல்ல, மருந்து.

மூட்டு வலிக்குப் பெயர் தெரியாத பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கார்ட்டிசால் கணக்கே தப்பாகிவிடும்.

பழைய ஸ்கேன் படம் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போக வேண்டும். 5 ஆண்டுக்கு முன் வேறு எதற்கோ எடுத்த படத்தில் அதே கட்டி அதே அளவில் இருந்தால், டாக்டருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.