ஊர் கெட்டதா, மூலை கெட்டதா?

ஓசூர் பஸ் நிலையத்தில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கி, சிப்காட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பின் பெயரை ஆட்டோக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கேயா? இந்நேரத்துலயா? காலையில போங்க சார். அது ஒரு மாதிரியான ஏரியா."

"ஒரு மாதிரி என்றால்?"

"திருட்டுப் பசங்க ஏரியா சார்!"

அப்புறம் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டு ஏற்றிக்கொண்டார். பயத்துக்கும் ஒரு ரேட் இருக்கிறது போலும்.

அந்தக் குடியிருப்பின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நேயர்கள் மன்னிக்க வேண்டும். காரணம், படித்துக்கொண்டே வந்தால் விளங்கும்.

நான் போய் இறங்கிய தெருவில் திருடர்கள் யாரும் என்னை வரவேற்கவில்லை. வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஒரு அறையில் தர்மபுரிப் பையன்கள் நாலு பேர், அடுத்ததில் ஒரிஸாக்காரர்கள், அதற்கடுத்ததில் ஒரு தெலுங்குக் குடும்பம். கொடியில் கம்பெனிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்கோ ரசம் கொதிக்கும் வாசனை. வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாள் முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, தம் மனக்குறையைச் சொன்னார்.

"என் பொண்ணு வேலைக்குப் போய்க் கேட்டா. விலாசத்தைப் பார்த்ததும், 'ஓ, அங்கேயா?'ன்னாங்களாம். இருபத்தஞ்சு வருஷமா இங்கே இருக்கேன் தம்பி. என் வீட்டுல ஒரு சொம்பு காணாமப் போனதில்லை."

"அப்படியானால் இந்தப் பேர் எப்படி வந்தது?"

"அதோ, அந்த முக்குனால" என்று வாசற்பக்கம் கையைக் காட்டினார்.

அந்த முக்குக்குப் பிறகு போவோம். அதற்கு முன்னால் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

அங்கே மினியாபொலிஸ் நகரத்தில் லாரன்ஸ் ஷெர்மன் என்பவரும் அவரது சகாக்களும், போலீசுக்கு வந்த டெலிபோன் அழைப்புகள் மூன்று லட்சத்துக்கு மேல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த விலாசத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். 1989-ல் முடிவு வெளியாயிற்று. நகரத்து விலாசங்களில் நூற்றுக்கு மூன்று சொச்சம்தான் மொத்த அழைப்புகளில் பாதியைக் கொடுத்திருந்தது! பிறகு டேவிட் வைஸ்பர்டும் அவருடன் சேர்ந்தவர்களும் சியாட்டில் நகரத்தின் பதினான்கு வருஷக் கணக்கைத் தெருத் துண்டு துண்டாகப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே கதை. நூற்றுக்கு நாலைந்து தெருத் துண்டுகளில் பாதிக் குற்றம். 'மோசமான பேட்டை' என்று பெயர் வாங்கிய இடங்களிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருந்தன. ஆக, பேட்டை கெட்டது என்று ஊர் சொல்கிறது. அதற்குள் ஒரு மூலைதான் கெட்டது என்கிறது கணக்கு.

ஏன் அந்த மூலை மட்டும்? 1979-ல் கோஹென், ஃபெல்சன் என்ற இருவர் இதற்கு எளிய பதில் ஒன்று சொன்னார்கள். பறிக்க நினைக்கிறவன், பறிக்கத் தக்க பொருள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை — இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் கூடினால் போதும். பார்த்துக்கொள்ளும் ஆள் என்றால் போலீஸ்காரர்தான் என்பதில்லை. திண்ணைக் கிழவியும் உண்டு, பூக்காரியும் உண்டு.

இப்போது முக்குக்கு வருவோம். இரவு பத்து மணிக்கு மேல் ஷிப்டு விட்டது. கம்பெனி பஸ் பெரிய சாலையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து குடியிருப்புக்கு வர ஒரே சந்து. ஒரு பக்கம் ஆலை மதில். ஜன்னல் என்பதே கிடையாது. மறுபக்கம் முள்செடி மண்டிய காலி மனை. ஒரு கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. எண்ணிக்கொண்டே நடந்தேன்: நூற்று அறுபது அடி இருட்டு. சம்பள வாரத்தில் சட்டைப்பையில் பணமும் கையில் செல்போனுமாகக் களைத்து வருகிறவன் இந்த நூற்று அறுபது அடியைக் கடந்தாக வேண்டும். அவன் தமிழ் தெரியாதவன் என்றால் பறித்தவனுக்கு இன்னும் சௌகரியம். ஸ்டேஷனுக்குப் போய் எந்தப் பாஷையில் புகார் எழுதிக் கொடுப்பான்?

விசித்திரம் என்னவென்றால், பறிகொடுக்கிறவன் இந்தத் தெருக்காரன். கெட்ட பெயரும் இந்தத் தெருவுக்கே!

இது சிறிய முக்கு. இந்த வட்டாரத்தில் பெரிய முக்கு ஒன்றும் இருக்கிறது. அது ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே ஓடும் மாநில எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம் என்று ஆகும்போதெல்லாம் கோட்டின் மேல் கூட்டம் கூடிவிடும். பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பிரதம மந்திரியாகி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலில் சேலம் ஜில்லாவில் கொண்டுவந்தார். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதான். எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம், வேறு சட்டம். 2020 மே மாதத்தில் சரித்திரம் திரும்பிற்று. கர்நாடகத்தில் மதுக்கடைகள் 4-ஆம் தேதி திறந்தன. இங்கே 7-ஆம் தேதி திறந்து, ஐகோர்ட் உத்தரவால் மூடி, 16-ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. அந்த இடைவெளியில் எல்லைச் சாவடிக்காரர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லையோடு சாலையும் சேர்ந்துகொள்கிறது. சென்னை, சேலம், பெங்களூர் என்று பெரிய சாலைகள் கூடும் இடம் கிருஷ்ணகிரி. 2020 அக்டோபரில் சூளகிரி அருகே ஒரு லாரியை மறித்து, சுமார் பதினைந்து கோடி ரூபாய் செல்போன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரி 22-ல், ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு நகைக்கடன் கிளையில் துப்பாக்கி காட்டி சுமார் 25 கிலோ தங்கம் கொள்ளை. மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டார்கள். நகையோடு இருந்த இடங்காட்டிக் கருவி அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு வழக்கிலும் சிக்கியது திட்டமிட்டு வந்த வெளிமாநிலக் கும்பல். அவர்களை இழுத்தது சாலை. குடியிருப்பின் ஒற்றை அறைகள் அல்ல. ஆனால் மறுநாள் காலையில் சந்தேகப் பார்வை விழுந்ததென்னவோ, ஹிந்தி பேசிக்கொண்டு டீ குடித்த பையன்கள் மேல்தான் என்றார் டீக்கடைக்காரர்.

ஆளின் மேல் முத்திரை குத்துவது நமக்குப் புதிதல்ல. 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது; 1911-ல் அது சென்னை ராஜதானிக்கும் வந்தது. பிறந்த ஜாதியைக் காட்டியே கைரேகை வாங்கினார்கள். ஸ்டேஷனுக்கு வந்து ஆஜர் கொடுக்கச் சொன்னார்கள். சென்னையில் 1947-லும் நாடு முழுவதற்கும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த ஜாதிப் பெயரின் இடத்தில் இப்போது தெருப் பெயரை எழுதிக்கொள்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மாளின் பெண்ணுக்கு நேர்ந்தது வேறென்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலீசார் எங்கே அடிக்கடி போகிறார்களோ, அங்கே வழக்குகளும் அதிகம் பதிவாகும். மதிலும் காவல்காரனும் உள்ள காலனியில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் புத்தகத்தில் லட்சங்களைத் திருடுகிறவரின் குற்றம் எந்தத் தெருவின் பெயரிலும் ஏறுவதில்லை.

"விளக்குப் போட்டால் திருடன் அடுத்த முக்குக்குப் போய்விட மாட்டானா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜெர்ஸி சிட்டியில் இதையே சோதித்த ஆராய்ச்சி 2006-ல் வந்தது. காவலைக் கூட்டிய இடங்களில் குற்றம் குறைந்தது. சுற்றுப்புறத்துக்கு நகரவில்லை, அங்கேயும் சற்றுக் குறைந்தது. நியூயார்க்கில் 2016-ல், ஏழைகள் வசிக்கும் குடியிருப்புகள் சிலவற்றில் பெரிய விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள். வெட்டவெளியில் இரவில் நடக்கும் கடும் குற்றங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. முக்கில் கிடைக்கும் சௌகரியம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை போலும்.

திரும்பும்போது அந்த அம்மாள் டார்ச்சு விளக்குடன் சந்து முனை வரை கூடவே வந்தார். நடுவழியில், மதிலை ஒட்டி, தகரம் அடித்து மூடிய ஒரு பெட்டிக்கடை.

"இது யார் கடை?"

"ஒரு பெரியவர் வச்சிருந்தார் தம்பி. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ட்யூப்லைட் எரியும். கடைசி ஷிப்டுப் பசங்க பீடி, வாழைப்பழம் வாங்குவாங்க. அப்பல்லாம் இங்கே ஒரு பேச்சும் இல்லை. கால்ல புண்ணு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், எட்டு மாசமாச்சு."

"திரும்பி வருவாரா?"

"மகன் வீட்டுல இருக்கார். போன வாரம் பார்த்துட்டு வந்தேன். கடைச் சாவி மட்டும் என்கிட்டேதான் இருக்கு" என்று முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.